ஆச்சி வீசிய தண்ணீர்

மதார் மைதீன் வீட்டுக் கொல்லையில் மறுபடியும் புகை. அவர் மகள் மெஹர்பானு, யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்காகச் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கொட்டை ஓடுகளை டிரம்மில் கரியாக்கிக்கொண்டிருந்தாள்.

"காயப்போட்ட வத்தலெல்லாம் கருத்துப்போச்சு! இந்தக் கரியில கரண்ட்டைச் சேத்து வைக்கப் போறாளாம்லா!"

பக்கத்து வீட்டுத் தைலம்மை ஆச்சி வேலிக்கு மேலாக வாளித் தண்ணீரை வீசினாள். தணல் சீறியது.

தினமும் இதே கூத்து. ஒருநாள் ஆச்சி காய்ச்சலில் படுத்துவிட்டாள். மதார் மைதீன் வேலியோரம் வந்து கத்தினார்.

"இன்னைக்குப் புகை டபுள்! முடிஞ்சா அணைச்சுப் பாருங்கலா!"

ஆச்சி தள்ளாடியபடி எழுந்துபோய் முழு வாளித் தண்ணீரையும் வீசினாள். காய்ச்சலே விட்டதுபோல் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மெஹர்பானுவின் குரல் கேட்டது.

"நல்லாக் கத்துனீங்க அத்தா. நான் ஊத்துனா தணல் அணைஞ்சு போவுது. ஆச்சி தூரத்துலேர்ந்து வீசுனாத்தான் தண்ணி சிதறி, நீராவி பட்டுக் கரியில பொடிப்பொடியாத் துளை விழுது, அதுல கரண்ட் தங்குது. நாளைக்கும் வம்புக்கு இழுங்க."