ஃபிரிட்ஜின் குமிழ்

வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை பார்க்கப் போன காலின், பிராட் என்ற இரண்டு பேர் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். காலினுக்கு பீர் லேசாகக் குளிர்ந்தால் போதும். பிராடுக்கோ பல் கூச வேண்டும். காலின் ஃபிரிட்ஜின் குமிழைத் திருகிக் குளிரைக் குறைத்துவிட்டுப் போவான். பின்னாலேயே பிராட் வந்து கூட்டிவிட்டுப் போவான். ஃபிரிட்ஜுக்கு மூச்சு வாங்கியது.

"பகலெல்லாம் பிள்ளைங்களைத் திருத்துறானுங்க, பொழுது சாஞ்சா என்னைத் திருத்துறானுங்க," என்று அது கறுவியது. "இப்படியே போனா என் மோட்டார் புகைஞ்சிடும்."

"இந்த ஊர்க்காரங்க பீர்ல ஐஸ் போட்டுத்தானே குடிக்கிறாங்க," என்றது உள்ளேயிருந்த ஐஸ் தட்டு. "பிராட் தன் டம்ளர்ல ரெண்டு கட்டி போட்டுக்கிட்டா உன்னை யாரும் தொடவே வேணாம். சொல்லிப் பாரேண்ணே."

"அதைப் பார்த்துத்தான் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. சொல்லிக்கொடுக்க வந்தவனுங்க காதுல எது ஏறும்?"

வெக்கையான ஒரு லீவு நாள் மத்தியானம், குமிழ் இப்படியும் அப்படியும் திருகப்பட்டு மோட்டார் புகைந்து நின்றே போனது. சூடேறிய பீரை ஆளுக்கொரு வாய் குடித்துத் துப்பினார்கள்.

"இந்த நாட்டுச் சாமானே இப்படித்தான்," என்றான் காலின்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றான் பிராட். அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஃபிரிட்ஜை ஆட்கள் படியில் இறக்கும்போது புதிய ஃபிரிட்ஜ் ஒன்று எதிரே ஏறி வந்தது.

"வீட்டு ஆளுங்க எப்படிண்ணே?" என்று கேட்டது.

"படிச்சவங்க," என்றது பழசு. "உள்ளே போனதும் முதல் வேலையா உன் குமிழைப் பிடுங்கி எறிஞ்சிடு."