குரல் கொடுக்காத கூழைக்கடா

அந்த ஏரியில் யார் எப்போது இறங்கலாம் என்று சொல்ல ஆளில்லை. அதனால் பறவைகள் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்கும்.

நாரை அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் நேராக வந்த கூழைக்கடா அதன் மேல் மோதியது. இரண்டும் சேற்றில் விழுந்தன. நாரையின் இறக்கை ஒடிந்து தொங்கியது.

"சுத்தவும் இல்ல, கத்தவும் இல்ல. ஏரி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"வாயில மீன் இருந்துச்சு. கத்தினா விழுந்துடாதா?"

"இப்ப எங்கடா அந்த மீன்?"

கூழைக்கடா அலகைத் திறந்து உதறிப் பார்த்தது. ஒன்றும் விழவில்லை. அது நாரையை முறைத்தது.

"குறுக்கே வந்தது நீ. என் மீனுக்கு யார் பதில் சொல்றது?"