சேறு அப்பிய வேன்

"இந்த மனுஷனுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

பேக்கரி முதலாளியின் வேன் தெருமுனையில் திரும்பியதுமே கோல்கீப்பர் ஒட்டடைக்குச்சி முனகினான். இன்றைக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் கூரை வரைக்கும் சேறு.

நோன்பு மாதக் கடைசி வாரத்தில், நோன்பு திறந்த பிறகு, தெருவுக்கும் தெருவுக்கும் கால்பந்துப் போட்டி. போன வருஷம் வசூலுக்குப் போனபோது, "நோன்பும் அதுவுமா பந்து உருட்டறதுக்குப் பிச்சை எடுக்கறானுங்க" என்று யாரோ சொன்னது கேப்டன் காதில் விழுந்துவிட்டது. எலக்ட்ரீஷியனான கேப்டன் பொல்லாத ரோஷக்காரன். இந்த வருஷம் யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை, சாயங்காலம் வண்டி கழுவிச் சம்பாதிப்போம் என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமைக்குள் மைதான வாடகை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் போட்டியே கிடையாது.

நாக்கு வறண்டு கிடக்கும்போது கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது லேசான காரியமா? ஸ்கூட்டர் என்றாலாவது சீக்கிரம் முடியும். இந்த வேன் உயிரை வாங்கியது.

"சக்கரத்துக்கு உள்பக்கம் பாருங்கப்பா, அப்படியே இருக்கு." நிழலில் நின்றுகொண்டு குறை வேறு சொன்னார் முதலாளி.

"அண்ணே, கொஞ்சம் நல்ல ரோட்டுல ஓட்டக் கூடாதா?"

"வியாபாரம்னா நாலு இடம் போக வேண்டியிருக்கு. அதான் கூலி குடுக்கறேன்ல?"

கொடுத்தார். கேட்டதற்கு மேல் ஒரு காசு இல்லை.

வேன் போனதும் ஒட்டடைக்குச்சி வாளியை டமாரென்று வைத்தான். "நாளைக்கு வந்தா கழுவ முடியாதுன்னு சொல்லிடு கேப்டன். வேணும்னே நம்மள வதைக்கிறாரு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோடா. அவர் வண்டி இல்லேன்னா வாடகையில பாதிகூடத் தேறாது."

வியாழக்கிழமை சாயங்காலம் வாடகைப் பணம் முழுசாகச் சேர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் ஒட்டடைக்குச்சி குழாயைக் கேப்டன் பக்கமே திருப்பினான். மொத்த டீமும் தொப்பலாக நனைந்து கூத்தடித்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் மனைவி விறுவிறுவென்று வந்தார்.

"தம்பிங்களா, பணம் சேர்ந்துடுச்சா?"

"சேர்ந்துடுச்சுக்கா. நாளையிலேர்ந்து வண்டி கழுவ மாட்டோம். அண்ணன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிடுங்க" என்றான் ஒட்டடைக்குச்சி, கறாராக.

"அப்பாடா!" அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சும்மா குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்களாமே. அதுக்காக, சுத்தமா நிக்கிற வேன் மேல தினமும் என் பூந்தொட்டி மண்ணையெல்லாம் கரைச்சுப் பூசி எடுத்துட்டு வந்தாரு அந்த மனுஷன். இனிமேலாவது என் ரோஜாச்செடி பிழைச்சுக்கும்."