அப்பா வேலை போகணும்

"நீங்கள் ஏன் எஞ்சினியரிங் படிக்க விரும்புகிறீர்கள்?"

விண்ணப்பத்துல இருக்கற கேள்வி இது. பதில் எழுதப் பத்து வரி இடம். அந்தப் பொண்ணு ஒரே வரிதான் எழுதியிருந்தா.

"எங்க அப்பாவுக்கு வேலை போகணும்."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு மறுபடி படிச்சார். வரி மாறல.

மிச்சம் ஒரே ஒரு சீட். வெளிய பெஞ்சுல இன்னொரு பையன் காத்திருந்தான். அவன் பத்து வரியையும் ரொப்பிட்டு, இடம் பத்தாம பின்பக்கமும் எழுதியிருந்தான். தேர்வுக் குழுவுல நான் மூணாவது நாற்காலி. வேலைக்குச் சேர்ந்து ரெண்டே மாசம். என் வாய்க்கு அங்க வேலையே இல்ல.

"அப்பா என்னம்மா பண்றார்?"

"ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டறார் சார்."

"அந்த வேலை போகணுமா?"

"ஆமா சார்."

பக்கத்து நாற்காலி மேடம் பேனாவை மேசையில 'டக்'னு வச்சாங்க. "பெத்த அப்பன் சோத்துல மண்ணைப் போடவாம்மா படிக்க வர்றே?"

அவ பையிலிருந்து ஒரு தடி நோட்டை எடுத்து மேசையில வச்சா.

"ரொம்பப் பழைய லிஃப்ட் சார். பட்டன் கிடையாது. கைப்பிடியைத் திருப்பினா ஓடும், விட்டா நிக்கும். ஆனா விட்ட இடத்துலயே நிக்காது. மேல போறப்ப கனம் இருந்தா சட்டுனு நின்னுடும், லேட்டா விடணும். கீழ வர்றப்ப அதே கனம் இழுத்துக்கிட்டுப் போகும், முன்னாடியே விட்டுடணும்."

"எவ்வளவு முன்னாடி?" தலைவர் முதுகை நிமிர்த்தி உக்காந்தார்.

நோட்டைத் திறந்தா பாருங்க... அம்மாடி! பக்கம் பக்கமா கட்டம் போட்டிருந்தா. எத்தனை பேர் ஏறினாங்க, ஸ்ட்ரெச்சர் இருந்துச்சா, ஏத்தமா இறக்கமா, கைப்பிடியை எங்க விட்டார், எவ்வளவு தள்ளி நின்னுச்சு. ஸ்கூல் விட்டதும் நேரா அங்க போய், அப்பா பக்கத்துலயே நின்னு ரெண்டு வருஷமா எழுதினது. நாலாயிரத்துச் சொச்சம் பயணம்! எவ்வளவு தள்ளி நின்னுச்சுங்கற கட்டத்துல மட்டும் சைபர், சைபர், சைபர். எங்கயோ ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்.

கடைசிப் பக்கத்துல ஒரு வரைபடம். காலேஜ் மூணாவது வருஷத்துல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தப்ப எனக்குப் பாதிதான் புரிஞ்ச அதே வரைபடம்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா?" தலைவர் குரல் கிசுகிசுன்னு ஆயிடுச்சு.

"யாரும் இல்ல சார். கனத்தை ஒரு பக்கமும் தூரத்தை ஒரு பக்கமும் வச்சுப் புள்ளி போட்டேன். அதுவா கோடு வந்துச்சு."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

"இதை ஒரு மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தா அதுவே மட்டமா நிறுத்தும் சார். அந்த மெஷினைச் செய்யத்தான் எனக்குத் தெரியல. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

மேடம் விடறதா இல்ல. "நாலாயிரம் தடவை பிசகாம நிறுத்தின மனுஷனோட வித்தையை உருவி, அவரையே வீட்டுக்கு அனுப்புவியா? இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். அளவு பாக்க லிஃப்ட் குழிச் சுவத்துல கோடு போட்டப்ப, டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சதே அவர்தான்."

மேடம் தலைவரைப் பார்த்தாங்க. தலைவர் கேட்டார். "ஏம்மா, புது லிஃப்டே மாட்டிடலாமே?"

"ரெண்டு கம்பெனிக்காரங்க வந்து அளந்து பார்த்தாங்க சார். குழி சின்னது, புதுசு மாட்டினா உள்ள ஸ்ட்ரெச்சர் நுழையாதுன்னுட்டுப் போயிட்டாங்க."

"அப்ப அவரே இருக்கட்டுமே. இப்படி ஒரு ஆளை யாராவது வெளிய அனுப்புவாங்களா?"

அது வரைக்கும் கணீர்னு பேசின பொண்ணு, குரலை இறக்கிப் பேசினா.

"அப்பாவுக்கு மூடின இடம்னா பயம் சார். கதவு சாத்தினா வேர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும். எங்க வீட்டு பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளே கிடையாது."



"வேற வேலைக்குப் போகக் கூடாதாம்மா?" மேடம்தான் கேட்டாங்க. இப்ப அதட்டல் இல்ல.

"போன வருஷம் போனார் மேடம். ஒரு நர்சரியில செடிக்குத் தண்ணி ஊத்தற வேலை. பத்து நாள் குழந்தை மாதிரி தூங்கினார். அதுக்குள்ள ஆஸ்பத்திரியில புது ஆள் லிஃப்டை ஒரு சாண் தள்ளி நிறுத்திட்டாராம். ஆபரேஷன் முடிஞ்சு வந்த ஒருத்தர் ஸ்ட்ரெச்சரோட குலுங்கி, போட்ட தையல் விட்டுப் போச்சாம். இது காதுல விழுந்த மறுநாளே, அப்பா திரும்பப் போய் உள்ள நின்னு கதவைச் சாத்திக்கிட்டார்."

நோட்டை மூடித் தலைவர் பக்கமா நகர்த்தினா.

"அந்த லிஃப்ட் தானா மட்டமா நிக்கற வரைக்கும் எங்கப்பா வெளிய வரமாட்டார் சார்."