நசுங்காத எலுமிச்சை

ஆயுத பூஜை முடிந்து கற்பூரம் அணைந்துகொண்டிருக்கிறது. மயிலாப்பூர்ச் சந்தில் நிற்கிற பழைய ஜப்பான் காரின் நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை. முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். ஹம்சினி லீவரைத் தள்ளி ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறாள். இன்ஜின் தொண்டை கிழியக் கத்துகிறது, கார் அசையவில்லை. புருஷன் சேஷாத்ரி குனிந்து பார்க்கிறார். பழம் முழுசாய்க் கிடக்கிறது.

"என்ன பண்ணேள் வண்டியை?"

"பூஜைக்கு வருஷாவருஷம் அம்பாஸிடருக்கு எண்ணெய் மாத்தறோமோல்லியோ, நேத்து இதுக்கும் மாத்தச் சொன்னேன். உள்ளே செவசெவன்னு துருவேறிக் கிடந்தது. வடிச்சுட்டு அம்பாஸிடருக்கு விட்ட அதே கியர் ஆயிலை இதுக்கும் விட்டாச்சு."

மதிலோரம் பெயின்ட் டப்பாவில், வடித்த எண்ணெய் வெயிலில் மாதுளைச் சாறாய் மின்னுகிறது. கிளட்ச் இல்லாத இந்தக் காரை நகர்த்துவதே அந்தச் சிவப்பு எண்ணெய்தான், வேறெதுவும் ஆகாது என்று வாங்கின அன்றே அவரிடம் சொல்லியிருக்கிறாள். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய இடது காலோடு அவள் ஓட்ட முடிகிற கார் இது ஒன்றுதான். அவள் விரல்கள் ஸ்டியரிங்கை நெரிக்கின்றன.

"என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

"இதுக்கெல்லாமா கேட்டுண்டிருப்பா? நாளைலேர்ந்து நானே அம்பாஸிடர்ல கொண்டு விடறேன். நீ எதுக்குச் சிரமப்படணும்? இப்போ ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கோ, தள்ளறேன். சாஸ்திரத்துக்குப் பழம் நசுங்கணும்."

அவர் பின்னால் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிக்கியில் இரண்டு கையும் ஊன்றுகிறார். ஹம்சினி ஹேண்ட் பிரேக்கை முழுசாய் இழுத்துப் பிடிக்கிறாள். கண்ணாடியில் அவர் முகம் மூச்சுமுட்டச் சிவந்துகொண்டே போகிறது. அவள் கையை எடுக்கவில்லை.