பதினேழாவது பொருள்

ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் அன்று ‘த்ரோ’ என்ற சொல் ஓடிக்கொண்டிருந்தது. எறி, வீசு, கீழே தள்ளு, விருந்து கொடு என்று பதினாறு பொருள் முடிந்து, பதினேழாவதில் ஆசிரியரின் பேனா நின்றது.

“ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றுப்போதல். இது வேண்டாம்மா, அடிச்சிடலாம்.”

“இருக்கட்டும் சார். உள்ளதுதானே,” என்றாள் உதவியாசிரியை.

“எவன் வேணும்னே தோப்பான், கிறுக்கனா? ரெண்டு வருஷமா மத்தியானம் என்கூட செஸ் ஆடுறே. இன்னொரு தடவையாவது ஜெயிக்கணும்னு நீயே எவ்வளவு முட்டி மோதுறே. புழக்கத்துல இருக்குன்னு காட்டுற, தேதி போட்ட சான்று அட்டை இல்லாம இங்க எந்தப் பொருளும் உள்ள வராது. அட்டை இருக்கா?”

அவள் தன் இழுப்பறையைப் பார்த்தாள். கொடுக்காவிட்டால் அகராதியில் ஓட்டை விழும். கொடுத்தால் வேலையே நின்றுபோகலாம். ஒரு கட்டு அட்டைகளை எடுத்து அவர் முன் வைத்தாள்.

ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. கீழே, ‘மதிய இடைவேளை, செஸ்’ என்று அவள் கையெழுத்து. எல்லாம் அவர் ஜெயித்த நாட்கள்.

“ஏம்மா?”

“முதல் நாள் நான் ஜெயிச்சேன். நீங்க ஒரு வாரம் லீவு போட்டுட்டீங்க. ‘எஸ்’ எழுத்து அப்படியே கெடந்துச்சு சார்.”

அவர் பதினேழாவது பொருளுக்கு எதிரே ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு மணிக்கு அவரே பலகையை விரித்தார்.

“இன்னைக்கு நெஜமா ஆடு.”

பதினோராவது நகர்த்தலில் தோற்றார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவள் தயங்கித் தயங்கிக் கதவைத் திறந்தாள். அவர் நாற்காலியில் இருந்தார்.

“லேட்டு. பதினெட்டாவது என்ன?”