இருட்டில் முப்பத்தேழு வரிகள்

படத்தில் கரண்ட் போவதற்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. எனக்கு அதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

வெறும் ஒத்திகைதான். கீழே அரங்கில் மேனேஜர் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

நாளை சாயங்காலம் இதே படத்தோடு இத்தாலியப் படவிழா தொடங்குகிறது. வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் தங்கள் படங்களைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு வெளிநாடாக வருவார்கள். எங்கள் ஊருக்கும் வருவார்கள். இந்த முறை படத்தை எடுத்த அம்மாளே விமானம் ஏறி வருகிறார். மூன்றாவது வரிசையில் உட்காரப் போகிறார்.

படத்தின் மேல் எழுத்து இருக்காது. திரைக்கு அடியில் ஒரு நீளப் பலகையில் நம் மொழியில் வரிகள் வரும். தானாக வராது. மேலே ஆபரேட்டர் அறையில் உட்கார்ந்து, நடிகர் பேசத் தொடங்குகிற அதே நொடியில் நான் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு படத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் தரம். ஒன்று முந்திவிட்டால் போதும், புருஷன் கேள்வி கேட்பதற்கு முன்பே பெண்டாட்டி பதில் சொல்லிவிடுவாள். வீட்டில் தினமும் நடக்கிறதுதான். சினிமாவில் நடந்தால் ஜனம் சிரித்துவிடும்.

எனக்கு இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இந்த வேலைக்குக் காது போதும்.

அந்தக் காதுதான் போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது காது கையை விரித்துவிட்டது. வலது காதில் கால் பங்கு மிச்சம் என்றார் டாக்டர். பேச்சு, பாட்டு, கதவு சாத்துகிற சத்தம் எல்லாமே உலை கொதிக்கிற மாதிரி ஒரே இரைச்சல். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. காதில் மாட்டுகிற கருவி கைப்பைக்குள் கைக்குட்டையில் சுற்றிக் கிடக்கிறது. அதை மாட்டிக்கொண்டு போனால் அன்றைக்கே என் நாற்காலியில் வேறு ஆள். பதினொரு வருட நாற்காலி. எனக்கு வேறு வேலை தெரியாது, வேறு வேலை பிடிக்கவும் பிடிக்காது.

வாயைப் பார்த்துச் சமாளித்து வந்தேன். பேசப் போகிறவர்களுக்கு முதலில் தோள் லேசாக ஏறும். அதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வெளியிலும் அப்படித்தான், நாலு பேர் சிரித்தால் ஐந்தாவதாக நானும் சிரித்து வைப்பேன்.

ஆனால் இந்தப் படத்தில் நாலு நிமிடம் கரண்ட் போய்விடுகிறது. கும்மிருட்டு. வயதான புருஷனும் பெண்டாட்டியும் படுத்தபடி பேசுகிறார்கள். முப்பத்தேழு வரி. வாயும் கிடையாது, தோளும் கிடையாது. கடைசி வரிக்கு முன்னால் பதினொரு நொடி மௌனம். அதற்குப் பிறகுதான் அவள், ‘நான் உன்னை மன்னிக்கவே இல்லை’ என்கிறாள். அந்த வரி முந்தினால் படமே செத்துவிடும்.

பத்து நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்தில், நான் வந்த நாளிலிருந்தே இங்கே படம் ஓட்டுகிற அண்ணன் வழக்கம்போலக் காலாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பு நுனி என் நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டே இருக்கும். சும்மா இருந்துவிட்டு ஒரு இடி, பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. தாளமாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. என் அம்மா பார்த்திருந்தால் தொடையில் ஒன்று வைத்திருப்பாள். நானும் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பல்லைக் காட்டுவாரே தவிர காலை நகர்த்த மாட்டார்.

திரை இருண்டது.

நொடிக் கணக்கை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்பதாவது வரியில் கணக்குத் தப்பியது. அதன் பிறகு பயத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. விரல் பாட்டுக்கு அழுத்திக்கொண்டு போயிற்று. ஓரிடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு அழுத்தியது.

படத்தில் கரண்ட் வந்தது. பலகையில் கடைசி வரி. திரையில் அந்தக் கிழவியின் வாய் அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் மேலே ஏறி வந்தார். ஒரு வரிகூடத் தப்பவில்லை, நாளைக்கும் இதே மாதிரி போட்டுவிடுங்கள் என்று அவர் வாய் சொன்னது. எனக்கு அழுகை முட்டியது. பதினொரு வருடப் பழக்கம் வீண் போகுமா, விரலுக்கே காது முளைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் போனதும் அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“நாளைக்கு என்னை ரெண்டாவது ஹாலுக்குப் போட்டுட்டாங்கம்மா. இங்க வேற ஆள்.”

அப்பாடா, நாளைக்காவது என் நாற்காலி ஆடாமல் இருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் ஒரு தரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தைரியத்துக்கு இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று காட்சியைப் பின்னுக்குத் தள்ளி நானே ஓட்டினேன்.

இருட்டு வந்தது. எட்டு வரி எண்ணி எண்ணிப் போட்டேன். ஒன்பதையும் போட்டேன். பத்தாவது எப்போது என்று தெரியவில்லை. பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. இரைச்சல் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

படத்தில் கரண்ட் வந்தபோதும் பலகையில் ஒன்பதாவது வரியே நின்றுகொண்டிருந்தது.

குனிந்து நாற்காலிக் காலைப் பார்த்தேன். செருப்பு இடித்து இடித்து ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது.

இந்த அறைக்கு நான் வந்து பதினொரு வருடம். அதில் முதல் ஒன்பது வருடம் அந்த மனிதர் காலாட்டி நான் பார்த்ததே இல்லை.